வேகக் காரை யாரிடம் ஒப்படைக்கலாம்?

சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கள்ளக்குறிச்சியை அடுத்து இருப்பது தியாகதுருகம். இந்த வட்டாரத்திலிருந்து வேலைக்காகவும் படிப்புக்காகவும் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள், ஐரோப்பா என்று பல திசைகளுக்கும் இளைஞர்கள் செல்கின்றனர். போன இடத்தில் விடுமுறை நாளில் ஒரு காரை வாடகைக்கு எடுத்து ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு எழுவது இயல்பு. திரைப்படங்களில் பார்த்த வேகக் கார் ஒன்றை ஒரு நாளாவது ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்களும் உண்டு.

வாடகை நிலையத்தில் அவர்களுக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. 22 வயது இளைஞர் ஒருவர், செல்லுபடியாகும் இந்திய ஓட்டுநர் உரிமத்தையும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் நீட்டுகிறார். சிறிய காரைக் கொடுக்கிறார்கள். உயர்திறன் காரைக் கேட்டால், ‘உங்களுக்கு வயது போதாது’ என்கிறார்கள். ‘உரிமம் பெற்று எத்தனை ஆண்டு ஆயிற்று?’ என்கிறார்கள். ‘கடன் அட்டையில் பெருந்தொகை ஒன்றைப் பிணையாக நிறுத்தி வைக்க வேண்டும்’ என்கிறார்கள். அதே இளைஞர் நம் நாட்டில் பணம் இருந்தால் எந்தக் காரையும் விலைக்கே வாங்கி, அன்று மாலையே சாலையில் ஓட்டலாம், சட்டம் தடுக்காது. அங்கே மட்டும் ஏன் இத்தனை கேள்விகள்?

இவை வாடகை நிறுவனத்தின் வெறும் கெடுபிடிகள் என்று தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் ஓர் இயற்பியல் விதியோ, மனித உடலைப் பற்றிய ஓர் உண்மையோ இருக்கிறது. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

நம் சட்டம் எதை அளக்கிறது?

முதலில் நம் நாட்டு விதியைப் பார்ப்போம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி 18 வயது நிறைவடையாத எவரும் பொது இடத்தில் மோட்டார் வாகனம் ஓட்டக் கூடாது. இதற்கு ஒரு விலக்கு உண்டு: எஞ்சின் கொள்ளளவு 50 சி.சி.க்கு மேற்படாத இரு சக்கர வாகனத்தை 16 வயது நிறைந்தவர் உரிமம் பெற்று ஓட்டலாம். சரக்கு வண்டி, பேருந்து போன்ற போக்குவரத்து வாகனங்களுக்கு 20 வயது ஆகியிருக்க வேண்டும்.

கார் ஓட்டுவோருக்குத் தரப்படுவது ‘இலகு ரக மோட்டார் வாகன’ உரிமம். இலகு ரகம் என்றால் என்ன? எடை 7,500 கிலோகிராமுக்கு மேற்படாதது. இந்த வரையறையில் எடை வருகிறது. எஞ்சினின் திறன் வரவில்லை. ஆகவே 37 குதிரைத்திறன் கொண்ட பழைய மாருதி 800 காருக்கும், 600 குதிரைத்திறன் கொண்ட பந்தய வகைக் காருக்கும் ஒரே உரிமம் போதும். இரு சக்கர வாகனத்திலும் இதே நிலைதான். 18 வயதில் கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கு உரிமம் பெற்றவர் 100 சி.சி. வண்டியையும் ஓட்டலாம், 650 சி.சி. வண்டியையும் ஓட்டலாம்.

எடையைப் பார்ப்பது தவறன்று. கனமான வண்டி மோதினால் சேதம் அதிகம். அதை நிறுத்துவதும் திருப்புவதும் தனிப் பயிற்சி வேண்டும் வேலைகள். ஆனால் எடை என்பது பாதிக் கதைதான். மீதிப் பாதியை இயற்பியல் சொல்கிறது.

கோட்டை உச்சியிலிருந்து விழும் கல்

ஒரு காரின் சுறுசுறுப்பை அறிய அதன் எஞ்சின் திறனை அதன் நிறையால் வகுத்துப் பார்க்க வேண்டும். இதைத் திறன்–நிறை விகிதம் என்போம். ஒரு குதிரைத்திறன் என்பது சுமார் 746 வாட். மாருதி 800 காரின் திறன் ஏறத்தாழ 27.5 கிலோவாட், நிறை சுமார் 650 கிலோகிராம். எனவே விகிதம் டன்னுக்கு 42 கிலோவாட். இன்றைய நடுத்தரக் குடும்பக் கார்களில் இது டன்னுக்கு 70 கிலோவாட் அளவில் இருக்கும். 450 கிலோவாட் திறனும் ஒன்றரை டன் நிறையும் உடைய உயர்திறன் காரில் இது டன்னுக்கு 300 கிலோவாட். மாருதியைப் போல் ஏழு மடங்கு!

இந்த ஏழு மடங்கு எப்படி வெளிப்படுகிறது? இத்தகைய கார் நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கி.மீ. வேகத்தை ஏறக்குறைய 3 வினாடியில் எட்டிவிடுகிறது. மணிக்கு 100 கி.மீ. என்பது வினாடிக்கு 27.8 மீட்டர். அதை 3ஆல் வகுத்தால் சராசரி முடுக்கம் 9.3 கிடைக்கும். இந்த எண்ணை எங்கோ பார்த்த நினைவு வருகிறதல்லவா? புவியீர்ப்பு முடுக்கம் 9.8.

தியாகதுருகம் மலைக்கோட்டையின் உச்சியிலிருந்து செங்குத்தாக ஒரு கல்லை நழுவ விடுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். அந்தக் கல் கீழே விழும்போது எப்படி வேகம் கூட்டிக்கொண்டே போகுமோ, ஏறத்தாழ அப்படித்தான் இந்தக் கார் சமதளச் சாலையில் வேகம் கூட்டுகிறது. மாருதி 800 இதே வேகத்தை எட்டப் பதினைந்து வினாடிக்கும் மேலாகும்.

இப்போது ஓட்டுநரைக் கவனிப்போம். எதிரே ஏதோ வருகிறது என்று கண் காண்பதற்கும், மூளை அதைப் புரிந்துகொள்வதற்கும், கால் அசைவதற்கும் ஒன்று முதல் ஒன்றரை வினாடி ஆகிறது. இந்த நேரத்தைப் பணம் கொடுத்துக் குறைக்க முடியாது. ஆக்சிலேட்டரைத் தவறுதலாக அழுத்திவிட்டு, ஒரு வினாடி கழித்து உணர்ந்து காலை எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சிறிய காரில் அந்த ஒரு வினாடியில் வேகம் மணிக்கு 7 கி.மீ. அளவே கூடியிருக்கும். உயர்திறன் காரில் மணிக்கு 33 கி.மீ. கூடியிருக்கும். எந்திரம் பல மடங்கு விரைவாயிற்று; மனிதன் பழைய மனிதனே.

டயரின் பிடி

இதைவிட நுட்பமான ஆபத்து ஒன்று டயரில் இருக்கிறது. காரை முன்னே தள்ளுவதும், நிறுத்துவதும், திருப்புவதும் டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள உராய்வே. எஞ்சின் எவ்வளவு பெரியதானாலும் சாலையைத் தொட்டுக்கொண்டிருப்பது ஒவ்வொரு டயரிலும் நம் உள்ளங்கை அகலமே உள்ள ஒரு பட்டைதான்.

உலர்ந்த தார்ச்சாலையில் நல்ல டயரின் உராய்வுக் குணகம் ஏறத்தாழ 1 என்று கொள்ளலாம். அப்படியானால் நான்கு சக்கரமும் சேர்ந்து தாங்கக்கூடிய முடுக்கத்தின் எல்லை வினாடிக்கு வினாடி சுமார் 9.8 மீட்டர். மழை பெய்த சாலையில் அது பாதியாகிவிடும்.

எஞ்சின் தரக்கூடிய முடுக்கத்தைக் கணக்கிட எளிய வழி உண்டு. திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கிய பலன். ஆகவே ஒரு கிலோகிராமுக்கு உரிய வாட்டை வேகத்தால் வகுத்தால் முடுக்கம் கிடைக்கும். மணிக்கு 72 கி.மீ., அதாவது வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் சிறிய காருக்கு 40 ÷ 20 = 2. இது டயரின் எல்லைக்கு மிகவும் கீழே இருக்கிறது. ஆக்சிலேட்டரை அடிவரை அழுத்தினாலும் சக்கரம் வழுக்காது. உயர்திறன் காருக்கு 300 ÷ 20 = 15. இது உலர்ந்த சாலையின் எல்லையான 9.8ஐயும் தாண்டிவிடுகிறது! அதாவது மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே, காலை அழுத்திய மாத்திரத்தில் டயர் பிடி இழந்து சுழலக்கூடும். ஈரச் சாலையில் இந்த ஆபத்து மணிக்கு 200 கி.மீ. வேகம் வரை கூடவே வருகிறது. காற்றுத் தடை முதலிய இழப்புகளை இங்கே விட்டுவிட்டோம். சேர்த்தாலும் முடிவு பெரிதும் மாறாது.

வளைவில் நிலைமை இன்னும் கடினம். டயரின் பிடி ஒரு குடும்பத்தின் மாத வருமானம் போன்றது. திரும்புவதற்கு ஒரு பகுதியைச் செலவிட்டால் முடுக்குவதற்கு மீதிதான் இருக்கும். இரண்டு விசைகளும் செங்குத்தாக இருப்பதால் பைதகரஸ் தேற்றப்படி கூட்ட வேண்டும். மொத்தப் பிடி 10 பங்கு. அதில் 8 பங்கை வளைவு எடுத்துக்கொண்டால் மீதி 6 பங்கு. வளைவு முழு 10 பங்கையும் எடுத்துக்கொண்டால் மீதி சூன்யம். அந்த நேரத்தில் ஆக்சிலேட்டரையோ பிரேக்கையோ சற்றே அழுத்தினாலும் கார் பாதையை விட்டு விலகும்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு ஏறும் பாதையைப் போன்ற கொண்டை ஊசி வளைவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். வளைவின் ஆரம் 15 மீட்டர், உராய்வுக் குணகம் 0.7 என்று கொண்டால், வழுக்காமல் திரும்பக்கூடிய மிகுதியான வேகம் மணிக்கு 36 கி.மீ. மழையில் குணகம் 0.4 ஆகிவிட்டால் அது மணிக்கு 28 கி.மீ. ஆகக் குறையும். இந்தக் கணக்கில் காரின் நிறையும் வரவில்லை, எஞ்சினின் திறனும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். பழைய காருக்கும் கோடி ரூபாய் காருக்கும் வளைவு ஒரே விதியைத்தான் சொல்கிறது. வேறுபாடு என்னவென்றால், கோடி ரூபாய் கார் இரண்டு வளைவுகளுக்கு இடையே உள்ள சிறு தூரத்திலேயே அந்த எல்லையை மூன்று மடங்கு தாண்டிவிடும்.

வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு

இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். பிரேக் அந்த ஆற்றல் முழுவதையும் வெப்பமாக்கித் தீர்த்தால்தான் கார் நிற்கும். எனவே நிறுத்தும் தூரமும் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. ஓட்டுநர் உணர்ந்து செயல்படும் நேரம் ஒன்றரை வினாடி, உராய்வுக் குணகம் 0.7 என்று கொண்டு கணக்கிட்டால் கிடைப்பவை இவை:

மணிக்கு 60 கி.மீ.: உணரும் வரை 25 மீட்டர், பிரேக் பிடித்தபின் 20 மீட்டர்; மொத்தம் 45 மீட்டர்.

மணிக்கு 120 கி.மீ.: உணரும் வரை 50 மீட்டர், பிரேக் பிடித்தபின் 81 மீட்டர், மொத்தம் 131 மீட்டர்.

மணிக்கு 180 கி.மீ.: உணரும் வரை 75 மீட்டர், பிரேக் பிடித்தபின் 182 மீட்டர், மொத்தம் 257 மீட்டர்.

கால் கிலோமீட்டர்! நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்கும் பெரியவர், கரும்பு ஏற்றி மெதுவாகத் திரும்பும் டிராக்டர், சாலையோரம் மேயும் ஆடு, இவற்றில் எதையும் கால் கிலோமீட்டருக்கு முன்பே கண்டு, அது என்ன செய்யப்போகிறது என்று தீர்மானிப்பது எளிதன்று.

பிற நாடுகள் எதை அளக்கின்றன?

இந்த இயற்பியலைச் சட்டத்தில் எழுதிக்கொண்ட நாடுகள் சில உள்ளன. நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரில் மோட்டார் சைக்கிள் உரிமம் மூன்று படிகள் கொண்டது. முதற்படி 200 சி.சி. வரை, அதை ஓராண்டாவது வைத்திருந்தால்தான் 400 சி.சி. வரை உள்ள இரண்டாம் படிக்குப் போகலாம்; அதிலும் ஓராண்டு கழித்தே 400 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு உரிமம் கேட்க முடியும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2013 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்திய விதிகளில் திறன்–நிறை விகிதமே இடம்பெற்றுவிட்டது. முதற்படி வண்டியின் கொள்ளளவு 125 சி.சி.க்கும், திறன் 11 கிலோவாட்டுக்கும், விகிதம் கிலோகிராமுக்கு 0.1 கிலோவாட்டுக்கும் மேற்படக் கூடாது. இரண்டாம் படியில் 35 கிலோவாட்டும் 0.2 கிலோவாட்டும் எல்லை. இரண்டாம் படியில் இரண்டாண்டு ஓட்டியவருக்கு 20 வயதில் எல்லையற்ற உரிமம் கிடைக்கும். படியேறாமல் நேராகக் கேட்பவர் 24 வயது வரை காத்திருக்க வேண்டும். அனுபவம் இருந்தால் வயதில் நான்கு ஆண்டு தள்ளுபடி என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

கார்களுக்கு வருவோம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் மாநிலங்களில் புதிதாக உரிமம் பெற்றவர்கள் டன்னுக்கு 130 கிலோவாட்டுக்கு மேற்பட்ட காரை ஓட்டக் கூடாது. இத்தாலியில் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, உரிமம் பெற்ற முதல் மூன்றாண்டுகளுக்கு டன்னுக்கு 75 கிலோவாட்டும், மொத்தத் திறன் 105 கிலோவாட்டும் எல்லை. தெற்கு ஆஸ்திரேலியா இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 2019இல் அடிலெய்ட் நகரில் ஓர் உயர்திறன் கார் கட்டுப்பாடு இழந்து மோதியதில் 15 வயதுச் சிறுமி ஒருத்தி உயிரிழந்தாள். அதன் விளைவாக எழுந்த சட்டப்படி 2024 டிசம்பர் 1 முதல், டன்னுக்கு 276 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள கார்களுக்குத் தனி வகை உரிமமே தேவை. அதற்கான பாடத்தைப் படித்துத் தேர வேண்டும். சக்கரம் வழுக்காமல் தடுக்கும் மின்னணு அமைப்பை அணைத்துவிட்டு அத்தகைய காரை ஓட்டுவதும் அங்கே குற்றம். டயரின் பிடியைப் பற்றி மேலே கண்ட கணக்கை நினைத்துப் பார்த்தால், இந்த விதியின் பொருள் விளங்கும்.

கார்ப் பந்தயக்காரர்களும் படிப்படியாகத்தான் ஏறுகிறார்கள். கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன்று பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அவர் 1993இல் ‘ஃபார்முலா மாருதி’ என்னும் சிறு பந்தயக் காரில் தொடங்கி, பிரிட்டிஷ் ஃபார்முலா மூன்று போன்ற பந்தயங்களைக் கடந்து, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தே அங்கே போய்ச் சேர்ந்தார்.

வாடகை நிலையத்தின் கேள்விகள்

இனி வாடகை நிலையத்துக்குத் திரும்புவோம். பெரும்பாலான நாடுகளில் சட்டம் 18 வயதில் உரிமம் தந்தாலும், வாடகை நிறுவனங்கள் தங்கள் எல்லையை 21 என்றோ 23 என்றோ வைத்துக்கொள்கின்றன. ஐக்கிய அரபு நாடுகளில் சாதாரணக் காருக்கு 21 என்பது வழக்கம். உயர்திறன் கார்களுக்கு உலகெங்கும் 25 வயது பரவலான எல்லை. சில நிறுவனங்கள் 30 வயது கேட்கின்றன. அமெரிக்காவில் 25 வயதுக்குக் குறைந்தவரிடம் நாளொன்றுக்கு இவ்வளவு என்று கூடுதல் கட்டணம் வாங்குவது வழக்கம்.

ஏன் 25? மூளையின் முன்பகுதி, விளைவுகளை முன்கூட்டி எண்ணிப்பார்த்து ஆசையை அடக்கும் பணியைச் செய்கிறது. அது முழு முதிர்ச்சி அடைவது இருபதுகளின் நடுப்பகுதியில்தான் என்று உடலியலார் கூறுகின்றனர். காப்பீட்டு நிறுவனங்கள் மூளையை ஆராய்வதில்லை. அவை விபத்துக் கணக்கைப் பார்க்கின்றன. இரண்டும் ஏறக்குறைய ஒரே வயதைச் சுட்டுவது கவனிக்கத்தக்கது.

அடுத்தது, உரிமம் பெற்று எத்தனை ஆண்டு என்ற கேள்வி. ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை கேட்பார்கள். விபத்து நேரும் வாய்ப்பு, தனியே ஓட்டத் தொடங்கிய முதல் சில மாதங்களில் மிக அதிகமாக இருந்து, பிறகு விரைவாகக் குறைகிறது. பந்து ஒன்று தெருவுக்கு உருண்டு வந்தால் பின்னாலேயே ஒரு குழந்தை ஓடிவரும் என்று முன்னுணரும் அறிவு, தேர்வு எழுதி வருவதன்று. ஓட்டி ஓட்டி வருவது. இந்த உண்மையை ஏற்றுத்தான் நியூசிலாந்து 1987இலேயே புதிய ஓட்டுநருக்குப் படிப்படியாகச் சுதந்திரம் தரும் உரிம முறையைக் கொண்டுவந்தது.

பிணைத்தொகை மூன்றாவது. விபத்து நேர்ந்தால் இழப்பில் ஒரு பகுதியை வாடகைக்கு எடுத்தவரே ஏற்க வேண்டும். உயர்திறன் காரில் அந்தப் பகுதியே பல லட்சம் ரூபாய்க்குச் சமமாகலாம். தன் பணமும் ஆபத்தில் இருக்கிறது என்று தெரிந்தவர் நிதானமாக ஓட்டுவார் என்பது அவர்களின் கணக்கு.

வெளிநாடு செல்லும் வாசகர் கவனிக்க வேண்டியவை

பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி என்பது தனி உரிமம் ஆகாது. நம் உரிமத்தைப் பிற நாட்டார் படித்தறிய உதவும் மொழிபெயர்ப்புப் புத்தகம் என்று அதைச் சொல்லலாம். 1949ஆம் ஆண்டின் ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின் அடிப்படையில் இந்தியா இதை வழங்குகிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கடவுச்சீட்டு முதலியவற்றுடன் விண்ணப்பித்துப் பெறலாம். அது ஓராண்டுக்கு மேல் செல்லாது. அதனுடன் அசல் உரிமத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும். எல்லா நாடுகளும் இதை ஏற்பதில்லை; சீனா ஏற்பதில்லை. குடியிருப்பு விசாவில் வேலைக்குச் செல்பவருக்கும் சுற்றுலாவாகச் செல்பவருக்கும் விதி வேறு. வளைகுடா நாடுகளில் வேலைக்குச் சென்று தங்குபவர் அந்நாட்டு உரிமத்தையே பெற வேண்டியிருக்கும்.

ஒப்பந்தத்தில் பெயர் குறிக்கப்பட்டவர் மட்டுமே ஓட்டலாம் என்பதை மறக்கலாகாது. ‘நீ கொஞ்ச நேரம் ஓட்டு’ என்று நண்பரிடம் சக்கரத்தைக் கொடுத்த கணமே காப்பீடு பயனற்றுப் போகலாம். அந்த நேரத்தில் விபத்து நேர்ந்தால் முழு இழப்பும் நம் தலையில் விழும். பல ஆண்டு உழைத்துச் சேர்த்த பணம் ஒரே மாலையில் கரைந்துபோக இது ஒன்றே போதும். பந்தயத் தடங்களில் ஓட்டுவதையும் பெரும்பாலான ஒப்பந்தங்கள் விலக்கிவிடுகின்றன. கையெழுத்திடுமுன் ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும். மொழி புரியவில்லை என்றால் புரிந்தவரைக் கேட்க வேண்டும்.

கேட்பவர் இல்லாத இடத்தில்

‘உயர்திறன் கார் நமக்கு எட்டாக் கனி, இதனால் நமக்கென்ன?’ என்று சிலர் நினைக்கலாம். இன்னும் ஒரே ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நம் ஊர்த் தெருவில் ஓடும் 100 சி.சி. மோட்டார் சைக்கிளின் திறன் சுமார் 6 கிலோவாட். 110 கிலோகிராம் வண்டியும் 70 கிலோகிராம் ஆளும் சேர்ந்து 180 கிலோகிராம் என்றால், விகிதம் டன்னுக்கு 33 கிலோவாட். மாணவர்கள் ஆசைப்படும் 400 சி.சி. வகை வண்டிக்குத் திறன் சுமார் 30 கிலோவாட்; ஆளுடன் நிறை 240 கிலோகிராம். விகிதம் டன்னுக்கு 125 கிலோவாட்! மாருதி 800ஐப் போல் மூன்று மடங்கு இது. புதிய ஓட்டுநர் தொடக் கூடாது என்று ஆஸ்திரேலிய மாநிலங்கள் கார்களுக்குக் கிழித்த 130 என்ற கோட்டை நெருங்கி நிற்கிறது. மோட்டார் சைக்கிளுக்கு அங்கே வேறு அளவுகோல் உண்டு என்றாலும், நம் கையில் இருப்பது எத்தகைய எந்திரம் என்பதை உணர இந்த ஒப்புமை போதும். காருக்காவது நான்கு சக்கரமும் சுற்றிலும் இரும்புக் கூடும் உண்டு. இதில் ஓட்டுபவரைச் சுற்றி இருப்பது காற்று மட்டுமே. தலைக்கவசம் அணியாவிட்டால் தலைக்கும் அதே கதிதான்.

சிங்கப்பூரில் இந்த வண்டியை அடைய ஒருவர் ஓராண்டு காத்திருக்க வேண்டும். இங்கே உரிமம் பெற்ற அன்றே ஏறிவிடலாம். உரிமம் இல்லாமலே ஏறுவோரும் உண்டு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகனுக்குப் பரிசாக வண்டி வாங்கித் தரும் பெற்றோரை நாம் காண்கிறோம். 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு நீக்கப்படும். அந்தச் சிறுவருக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. 2024 மே மாதம் புனே நகரில் ஒரு விலையுயர்ந்த மின்சாரக் கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். அதை ஓட்டியதாகக் காவல்துறை குற்றஞ்சாட்டியது 17 வயதுச் சிறுவன்மீது. மின்சாரக் கார்களில் மிதித்த கணமே முழு விசையும் சக்கரத்துக்கு வந்துவிடுகிறது, கொள்ளளவை சி.சி.யில் அளக்கும் பழைய வழக்கமும் அவற்றிடம் செல்லாது. இனி வரும் காலத்தில் திறனைக் கிலோவாட்டில் அளந்துதான் பேச வேண்டியிருக்கும்.

2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் இறந்தது மிகுவேகம் காரணமான விபத்துகளில் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. உலக அளவிலும் 5 முதல் 29 வயது வரை உள்ளோரின் இறப்புக்கு முதற் காரணம் சாலை விபத்தே என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம்.

மாணவர்களே, அடுத்த முறை ஒரு வண்டியின் விளம்பரத்தைப் பார்க்கும்போது அதன் திறனையும் நிறையையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் நிறையையும் சேர்த்து வகுத்துப் பாருங்கள். இப்போது வீட்டில் ஓட்டிப் பழகிய வண்டிக்கும் அதே கணக்கைப் போடுங்கள். புதிய வண்டியின் விகிதம் பழையதைப் போல் இரு மடங்குக்கு மேல் இருந்தால், இடையில் ஒரு படி விட்டுப்போயிற்று என்று பொருள். வெளிநாட்டில் அந்தப் படியைப் பற்றிக் கேட்க வாடகை நிலையத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நம் ஊரில் அந்த இடம் காலியாக இருக்கிறது. சட்டம் அதை நிரப்பும் வரை, வண்டி வாங்கித் தரும் பெற்றோரும் அதில் ஏறப்போகும் நீங்களுமே அந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.